கொடி உள்ளதும் கொடி இல்லாததும்: ஆழ்கடல் ரோபோக்களுக்குத் தமிழ்ச் சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்மொழி விழாவுக்காகச் சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் மாணவர்களுக்கு ஒரு சிறு கண்காட்சி வைக்கிறோம். துருவ ஆய்வுக் கப்பல்களும் அவை சுமந்து செல்லும் ஆழ்கடல் ரோபோக்களும்தான் பொருள். பலகைகளுக்குத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னுடையது. எல்லாம் முடிந்து, ஒரே ஒரு பலகையில் மூன்று வாரமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு பெண்ணிடம் அந்தப் பலகையின் வரைவைக் காட்டினேன். அதில் இரண்டு படங்கள். இரண்டுக்கும் கீழே 'ரோபோ நீர்மூழ்கி' என்று போட்டிருந்தேன். படித்துவிட்டு, "அங்கிள், இத யாரு ஓட்டுறாங்க?" என்றாள். முதல் படத்துக்கு விடை, மேலே கப்பலில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர். இரண்டாவது படத்துக்கு விடை, யாருமில்லை, அதுவேதான். ஒரே சொல்லைப் போட்டு இந்தப் பெரிய வேற்றுமையை நான் மூடிவிட்டேன்.

வேற்றுமை எங்கே பிறக்கிறது என்றால், ஒரு கேபிளில். கடல்நீருக்குள் வானொலி அலை கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும். ஜிபிஎஸ் கிடையாது. ஒலி மட்டும் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகும். 6,000 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒரு கருவிக்கு "இடப்பக்கம் திரும்பு" என்று ஒலியால் சொன்னால், சொல் போய்ச் சேர 4 நொடி, பதில் வர இன்னொரு 4 நொடி. படமெல்லாம் அந்த வழியில் ஒழுங்காக வராது. அதனால் கையால் ஓட்ட வேண்டுமென்றால் கேபிள் கட்டித்தான் ஆக வேண்டும். மின்சாரமும் கட்டளையும் அதன் வழியாகக் கீழே போகும், படம் மேலே வரும். சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ரோசப் 6000 இந்த வகை. 2010-இல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் வரை இறங்கியது.

கேபிள் இல்லாத வகை வேறு உயிர். மின்கலத்தோடும் மனப்பாடம் செய்த வழியோடும் அது கிளம்பிப் போகும். பிரிட்டனின் சர் டேவிட் அட்டன்பரோ கப்பலுக்குப் பெயர் வைக்க 2016-இல் பொதுமக்களிடம் கேட்டபோது 'போட்டி மெக்போட்ஃபேஸ்' என்ற பெயருக்குத்தான் அதிக வாக்கு விழுந்தது. அந்தப் பெயரைக் கப்பலுக்கு வைக்காமல் இப்படிப்பட்ட ஒரு கருவிக்கு வைத்தார்கள். ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்து 'ரான்' இன்னொன்று. 2022-இல் அண்டார்டிகாவின் டாட்சன் பனியடுக்குக்கு அடியில் 27 நாள்களில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, பனியின் அடிப்பரப்பை முதன்முதலாகத் துல்லியமாக வரைந்து கொண்டுவந்தது. சில இடங்களில் பனியடுக்கின் விளிம்பிலிருந்து 17 கிலோமீட்டர் உள்ளே. அவ்வளவு தூரம் பனிக்கடியில் எந்தக் கேபிளை இழுத்துக்கொண்டு போவது? 2024 ஜனவரியில் அதே இடத்துக்கு மறுபடி போனது. திரும்பி வரவில்லை. கட்டிவைக்கவும் இல்லை, கூப்பிடவும் வழியில்லை. இதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. பிள்ளைகளுக்கும் அது புரிய வேண்டும் என்றுதான் இவ்வளவு பாடு.

வழக்கத்தில் இருப்பவை 'தொலைவிலிருந்து இயக்கப்படும் நீரடி ஊர்தி', 'தன்னாட்சி நீரடி ஊர்தி' போன்றவை. பொருள் பிழையில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளை இதை ஒரே மூச்சில் சொல்லுமா? 'ஆளில்லா' என்று தொடங்கினால் இரண்டும் ஆளில்லாதவைதான். இல்லாததைச் சொல்லும் பெயரில் இருப்பது மறைந்துபோகிறது.

என் அப்பா கீழக்கரைப் பக்கம். முத்துக்குளிக்கப் போகிற குளியாள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார், மேலே படகில் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர் அவருடைய மைத்துனராக இருப்பார் என்று சொல்லுவார். தன் அக்காளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது, அதனால் கை நழுவாது. கேபிளை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது இது நினைவுக்கு வந்தது. ஆனால் கயிறு இழுக்கத்தான் செய்யும். இந்தக் கேபிள் ஊட்டவும் செய்கிறது. தமிழில் ஊட்டும் கயிற்றுக்குக் கொடி என்று பெயர்: தொப்புள்கொடி.

ஆகவே என் பரிந்துரை: கேபிள் உள்ளது 'கொடிமூழ்கி', இல்லாதது 'தன்மூழ்கி'.

இன்னும் இரண்டு சொற்கள். துருவக் கப்பல்களின் வயிற்றில், மேல்தளத்திலிருந்து கடல்வரை நேராக ஒரு திறப்பு இருக்கும். அட்டன்பரோவில் அது 4 மீட்டருக்கு 4 மீட்டர். கப்பலைச் சுற்றிப் பனிக்கட்டி நெருக்கும்போது பக்கவாட்டில் எதையும் இறக்க முடியாது, இதன் வழியாகத்தான் இறக்க வேண்டும். 'மூன் பூல்' என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் நிலா வந்துவிடும். அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கிணறுதான் தெரிந்தது. 'கப்பற்கிணறு' போதும் என்பேன். மற்றது, பனிக்கட்டியை உடைக்கும் கப்பல். அது மோதி உடைப்பதில்லை. சரிந்த முன்பகுதியால் பனியின் மேல் ஏறி, தன் எடையால் அமுக்கி உடைக்கிறது. 'பனியுடைப்புக் கப்பல்' என்றே வைத்துவிட்டு, ஏறி அமுக்குவதைப் படத்தில் காட்டிக்கொள்ளலாம். வெப்பமண்டலத்திலிருக்கும் நம் ஊரிலும் கெப்பல் சிங்மரின் 2008-இல் ரஷ்யாவின் லுக்காயில் நிறுவனத்துக்கு 'வரண்டேய்' என்ற பனியுடைப்புக் கப்பலைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. முப்பது டிகிரி வெயிலில், கடுங்குளிரிலும் முறியாத எஃகைப் பற்றவைத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் அந்த வேலையில் இல்லை. ஆனால் கப்பல் பட்டறையில் இருபது ஆண்டு ஓட்டியவன், அதை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது.

உங்கள் கருத்துகளுக்குக் காத்திருக்கிறேன். பலகை வரும் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஈசூனிலிருந்து

* * *

தம்பிக்கு,

கப்பற்கிணறு கேட்டதும் பிடித்துவிட்டது. அதைத் தொட வேண்டாம்.

கொடியைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். கப்பல் என்று வந்துவிட்டால் கொடி என்பது எந்த நாட்டுக் கப்பல் என்று காட்டும் துணி. 'கொடிமூழ்கி' என்று தனியாகப் பார்க்கிறவர் கொடியோடு ஒரு கப்பல் கவிழ்ந்ததாக நினைக்க இடமிருக்கிறது. கேபிளுக்கு 'வடம்' நல்ல பழைய சொல், தேர் இழுக்கும் வடம். ஆனால் 'வடமூழ்கி' என்று எழுதிப் பார்த்தேன். துருவத்தைப் பற்றிய கண்காட்சியில் அதை வடக்கே மூழ்கியது என்றுதான் படிப்பார்கள். ஆகவே வடத்தை நானே விட்டுவிட்டேன்.

எனக்கு உண்மையான தயக்கம் பின்பாதியில். மூழ்குவது என்றால் உள்ளே போவது மட்டும்தான். கப்பல் மூழ்கியது என்றால் அதோடு கதை முடிந்தது. நீர்மூழ்கிக் கப்பல் என்ற சொல் நிலைத்துவிட்டது, அதை மாற்றச் சொல்லவில்லை. அதற்குள் ஆள்கள் இருக்கிறார்கள், அது போரோடு சேர்ந்த சொல்லாகவும் ஆகிவிட்டது. புதிய கருவிக்கு ஏன் அந்தச் சுமை? நம்மிடம் 'முக்குளி' இருக்கிறதே. கண்மாயில் முக்குளிப்பான் என்ற சின்னப் பறவையைப் பார்த்திருப்பாய். இங்கே தலையை விட்டு அங்கே எழும். முக்குளிப்பது என்றால் இறங்குவதும் எழுவதும் சேர்ந்தது.

இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக 'முக்குளி' என்றே வைத்துவிட்டால், ஆளில்லா, ரோபோ, தானியங்கி எதுவும் முன்னால் வேண்டியதில்லை. கொடிமுக்குளி, தன்முக்குளி. சொல்லிப் பார், நாக்கு இடறவில்லை. முப்பது ஆண்டு வகுப்பில் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைகள் எந்தச் சொல்லில் தடுக்குவார்கள் என்று காதுக்கு முன்பே தெரிந்துவிடும்.

அங் மோ கியோவிலிருந்து

* * *

அனைவருக்கும் வணக்கம். ஐயா, முக்குளி அருமை.

நான் கடலடிக் குழாய்களைச் சோதிக்கும் வேலையில் இந்தக் கொடி கட்டிய வகையை எட்டு ஆண்டு ஓட்டியவள். கப்பல் தளத்தில் தமிழ் அண்ணன்மார் அதை 'ஒயரு' என்றுதான் சொல்வார்கள். "ஒயர விடுங்க", "ஒயர இழுங்க". கொடி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, ஆனால் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். அந்தக் கேபிளில் ஒரு சின்ன முறுக்கு விழுந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு அதைத்தான் பார்ப்போம். கீழே இருப்பதன் உயிர் அதில்தான் ஓடுகிறது.

ஒரு கேள்வி மட்டும். துருவப் பயணி ஷாக்கில்டனின் எண்ட்யூரன்ஸ் கப்பல் 1915-இல் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் மூழ்கியது. 2022 மார்ச் 5 அன்று 3,008 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். தேடியவர்கள் தென்னாப்பிரிக்காவின் எஸ்.ஏ. அகுலாஸ் 2 என்ற துருவக் கப்பலிலிருந்து இறக்கிய கருவி சேபர்டூத். அது இரண்டுங்கெட்டான் வகை. மின்கலம் உள்ளேயே இருக்கிறது, மேலேயிருந்து மின்சாரம் போவதில்லை. ஆனால் படம் பார்க்க ஒரு ஒளியிழை மட்டும் பின்னாலேயே நீளும். நெரியஸ் என்ற அமெரிக்கக் கருவியும் அப்படித்தான், 2009-இல் கடலின் மிக ஆழமான இடமான சேலஞ்சர் பள்ளத்தில் 10,902 மீட்டர் வரை இறங்கியது, முடி அளவு மெல்லிய இழையோடு. இவற்றை எந்தப் பெட்டியில் போடுவது? ஊட்டினால்தான் கொடி என்று தம்பி எழுதியிருக்கிறார். இந்த இழை எதையும் ஊட்டவில்லை.

மரினா அணைக்கட்டின் புல்தரையில் பிள்ளைகள் பட்டம் விடுவதைப் பார்க்கும்போது இந்த இழைதான் நினைவுக்கு வரும். பட்டம் காற்றில் தானே நிற்கிறது, கையில் இருப்பது நூல் மட்டும்.

பொங்கோலிலிருந்து

* * *

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்க இதே யோசனைதான்.

முக்குளியை ஏற்றுக்கொள்கிறேன். முதலில் ஒரு தயக்கம் இருந்தது. ரான் திரும்பி வரவில்லையே, அதையும் முக்குளி என்று சொல்லலாமா என்று. பிறகு தோன்றியது, திரும்பி வருவதற்காகவே அனுப்பினார்கள், அதனால்தான் வராதபோது இழப்பு என்கிறோம். அந்த எதிர்பார்ப்பு சொல்லுக்குள் இருக்கட்டும். கொடி பற்றிய குழப்பமும் இதோடு தீர்ந்தது. துணிக்கொடி முக்குளிக்காது. 'கொடிமுக்குளி' என்று சேர்த்துப் படிக்கும்போது துணி கண்முன் வரவில்லை. என் மனைவியிடமும் பக்கத்து வீட்டு அம்மாவிடமும் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்குத் தொப்புள்கொடியும் மற்றவருக்குத் துணி காயப்போடும் கொடியும் தோன்றியது. இரண்டும் கயிறுதானே, சரி.

அக்கா, விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். நூல்முக்குளி. கொடி ஊட்டும், நூல் சேதி மட்டும் சொல்லும். சேபர்டூத்தும் நெரியஸும் நூல்முக்குளிகள்.

ஆள் ஏறிப் போவதை இதில் சேர்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன். மூன்று பேர் உட்காரும் மத்ஸ்யா 6000-ஐச் சென்னையில் உருவாக்குகிறார்கள். அது நீர்மூழ்கி என்றே இருக்கட்டும். சொல்லைப் பார்த்ததும் உள்ளே ஆள் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பெயர்களைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் பனியுடைப்புக் கப்பல் 'நுயினா', டாஸ்மேனியப் பழங்குடியினர் மீட்டெடுத்துவரும் பாலவா கானி மொழியில் தென்துருவ ஒளி என்று பொருள். பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுத் தேர்ந்த பெயர். நம் ஊரில் பீஎக்ஸ் நிறுவனம் செய்த தன்முக்குளியின் பெயரில் 'இக்கான் பிலிஸ்' இருக்கிறது, நாசி லெமாக்கில் நாம் சாப்பிடும் அதே நெத்திலி. கருவி எங்கே பிறந்ததோ அந்த ஊரின் வாசம் பெயரில் இருப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இன்று மாலை அந்தப் பெண்ணிடம் திருத்திய பலகையைக் காட்டினேன். மூன்று படம், மூன்று பெயர். யார் ஓட்டுகிறார்கள் என்று இந்த முறை கேட்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்து அவளே சொன்னாள். மூன்றாவது படத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "நூலு அறுந்துட்டா?" என்று கேட்டாள். நெரியஸை வடிவமைத்தவர்கள் அதற்கும் வழி செய்திருந்தார்கள், இழை அறுந்தால் தானே மேலே ஏறி வரும்படி. நான் அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "அப்போ அது தன்முக்குளி ஆயிடும்ல?" என்றாள்.

வேறு மறுப்பு இல்லையென்றால் வியாழக்கிழமை இப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

ஈசூனிலிருந்து