கைவேலை கொலுசை ஆன்லைன்ல விக்கிறோம்: விலையும் போட்டோவும் எப்படிப் போடறது?

குகை_கொலுசு:
வணக்கம்ங்க. சேலம் குகையில வீட்டோட சேர்ந்த பட்டறை. இதுவரைக்கும் செவ்வாப்பேட்டை கடைகளுக்கு மொத்தமாத்தான் கொடுத்துட்டு இருக்கோம். இப்ப சொந்தமா வெப்சைட்டும் வாட்ஸ்அப் கேட்டலாக்கும் ஆரம்பிச்சிருக்கோம். எல்லாமே 80 டச் (நூத்துக்கு 80 பங்கு சுத்த வெள்ளி), ஜோடி 20 கிராம்ல இருந்து 120 கிராம் வரைக்கும் இருக்கு. வளையம் கோக்கறது, பற்று வைக்கறது (இணைப்பைச் சூடாக்கி ஒட்டறது), அராவுறது, முத்து கட்டறது எல்லாம் கைவேலை. கடைக்காரங்களுக்கு "80 டச், 88 கணக்கு"ன்னு சொன்னா புரியும், அதாவது வெள்ளி 80, கூலியும் சேதாரமும் சேர்த்து 88-ன்னு கணக்கு. ஆன்லைன்ல வாங்கறவங்களுக்கு இதை எப்படி விலையா மாத்தறது? வெள்ளி ரேட் தினமும் மாறுதே, வெப்சைட் பக்கத்துல ஒரே விலை போடலாமா? போட்டோவுல கொலுசு கறுப்பாவோ, ஒரே வெள்ளைத் திட்டாவோ விழுது. அதுக்கும் வழி சொல்லுங்க.

பட்டறைக்_கணக்கு:
ஒரே விலை போடவே போடாதீங்க. வெள்ளி தனி, செய்கூலி தனின்னு ரெண்டு வரியாப் பிரிச்சுக் காட்டுங்க. வெள்ளி வரி மட்டும் தினமும் மாறணும்.

60 கிராம் ஜோடியை எடுத்துக்குவோம். கணக்கு எளிதா இருக்க சுத்த வெள்ளி கிராம் 100 ரூபாய்னு வைக்கறேன், நீங்க அன்னைக்கு ரேட்டைப் போட்டுக்கங்க. 60 கிராம்ல 80 டச்னா சுத்தம் 48 கிராம், 4,800 ரூபாய். இதுல ஒரு ரூபாய் கூட லாபம் வைக்காதீங்க. மத்ததெல்லாம் செய்கூலிக்குள்ள வரணும்: நிஜமான சேதாரம் 2 சதவீதம்னா 96, மூணரை மணி நேர வேலைக்கு மணிக்கு 100 வீதம் 350, முத்துக்கும் பாலிஷுக்கும் 80, டப்பாவுக்கும் கவருக்கும் 60, அனுப்பற செலவும் இன்சூரன்ஸும் 120, போட்டோ எடுக்கறது, போன்ல பதில் சொல்றதுன்னு போற நேரத்துக்கு 50. மொத்தம் 756. லாபம் 450 வச்சா செய்கூலி 1,206, அதாவது கிராமுக்கு 20 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. ஆக 6,006, அதுக்கு மேல 3 சதவீதம் ஜிஎஸ்டி.

சேதாரத்தைக் குத்துமதிப்பாப் போட்டுடாதீங்க. வேலைக்குக் கொடுத்த வெள்ளியை எடை போடுங்க. முடிஞ்ச கொலுசு, வெட்டுத் துண்டு, அரத்தூள் மூணையும் திரும்ப எடை போடுங்க. குறையறதுதான் உங்க சேதாரம். பாலிஷுக்குப் போய் வந்ததும் தனியா ஒரு எடை எடுங்க, பல இடத்துல பெரிய குறைவு அங்கதான் இருக்கும்.

பலரும் மாட்டிக்கிற இடம் மெல்லிசுக் கொலுசு. 20 கிராம் ஜோடிக்கும் 40 கிராம் ஜோடிக்கும் பற்று வைக்கிற இடம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். கிராமுக்கு 20 ரூபாய்னு ஒரே அளவுகோல் வச்சா 20 கிராமுக்குக் கிடைக்கிறது 400. மேல சொன்ன வேலைக்கூலிக்கும் டப்பாவுக்குமே அது பத்தாது. 40 கிராமுக்குக் கீழ ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி வைங்க. செய்கூலியைச் சதவீதமாவும் போடாதீங்க. வெள்ளி ஏறினா கூலியும் சேர்ந்து ஏறி, ஆள் வாங்காமப் போயிடுவாங்க. இறங்கினா உங்க உழைப்புல கை வைக்கும்.

கார்டு பேமென்ட்டுக்கு 2 சதவீதமும் அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் பிடிச்சா 6,186 ரூபாய்ல 146 போயிடும். 450 லாபத்துல மூணுல ஒரு பங்கு! யுபிஐ-யை முதல் வழியா வைங்க. கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம். பார்சல் திரும்பி வர்றதுக்குள்ள ரேட் எங்கேயோ இருக்கும். "பணம் கட்டுற நேரத்து ரேட்டே செல்லும்"னு பக்கத்துல தெளிவா எழுதிடுங்க.

ஏற்காடு_ரோடு:
போட்டோவுக்கு நான் சொல்றேன். வெள்ளி கண்ணாடி மாதிரிங்க, எதிர்ல இருக்கறதைத்தான் காட்டும். கறுப்பா விழுதுன்னா உங்க போனும் கையும் இருட்டு ரூமும் அதுல தெரியுதுன்னு அர்த்தம். ஒரு அட்டைப் பெட்டியில மூணு பக்கமும் மேலேயும் ஜன்னல் வெட்டி பட்டர் பேப்பர் ஒட்டுங்க. ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்துல வைங்க. முன் பக்கத்தை வெள்ளைச் சார்ட்டால மூடி, லென்ஸ் அளவுக்கு மட்டும் ஓட்டை போட்டு அது வழியா எடுங்க. டியூப்லைட்டை அணைச்சிடுங்க. பகல் வெளிச்சமும் அதுவும் கலந்தா ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள். அடியில சுத்த வெள்ளையும் வேண்டாம், சுத்தக் கறுப்பும் வேண்டாம், சாம்பல் நிறத் துணி போதும். போன்ல கொலுசைத் தொட்டு ஃபோகஸ் வச்சு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்க. அப்பதான் அரும்பு வேலை தனித்தனியாத் தெரியும்.

ஒவ்வொரு டிசைனுக்கும் கட்டாயம் வேண்டியது: முழு நீளத்துக்கு விரிச்சு ஸ்டீல் ஸ்கேலோட ஒண்ணு, தராசுல நம்பர் தெரிய ஒண்ணு, திருகாணி கிட்டக்க ஒண்ணு, கால்ல போட்டு ஒண்ணு. அப்புறம் பத்து நொடி வீடியோ, சத்தத்தோட. கொலுசைச் சத்தம் கேட்டு வாங்கறவங்க நிறைய. முத்துக்குள்ள மணி போட்டதா, வெறும் முத்தான்னு போட்டோ சொல்லாது.

திரும்பி வர்றதுக்கு முக்கியக் காரணம் அளவு. கணுக்கால் எலும்புக்குக் கீழ நூலைச் சுத்தி, அந்த அளவோட அரை இன்ச் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க. நீளம்னா கொக்கியோட சேர்த்தா, சேர்க்காமலான்னும் எழுதுங்க. அரை இன்ச் கூடினா எடையும் கூடும்: 10 இன்ச்ல 60 கிராம் ஜோடின்னா அரை இன்ச்சுக்கு ஜோடிக்குச் சுமார் 3 கிராம், மேல உள்ள ரேட்ல வெள்ளி மட்டுமே 240 ரூபாய். எல்லா அளவுக்கும் ஒரே விலை போட்டா பெரிய கால்காரங்களுக்கு நீங்க கைக்காசு போட்டுக் கொடுக்கறீங்க.

குகை_கொலுசு:
ரொம்ப நன்றிங்க. இன்னொண்ணு. 80 டச்னு எழுதறோம். வாங்கினவங்க ஊர்ல மெஷின்ல வச்சுப் பார்த்து வேற நம்பர் வந்தா என்ன பதில் சொல்றது?

உரைகல்:
வரத்தான் செய்யும், ரெண்டு காரணம். முதல்ல பற்று. பற்றுல வெள்ளி குறைவு. 80-ல உருக்கின கம்பியில நூத்துக்கணக்குல பற்று வச்சா மொத்தக் கொலுசு 80-க்குக் கீழ இறங்கிடும். அடுத்தது மெஷின். எக்ஸ்ரே மெஷின் மேல்பரப்பை மட்டும்தான் பார்க்கும். ஆசிட்ல போட்டு வெளுப்பு எடுத்ததும் மேல இருக்கிற செம்பு கரைஞ்சு வெள்ளி மிஞ்சும், அதனால நம்பர் ஏறியும் காட்டும். பற்று வச்ச இடத்தைப் பார்த்தா இறக்கிக் காட்டும். உருக்கிப் பார்த்தாத்தான் உண்மை.

அதனால முடிஞ்ச கொலுசையே ஒண்ணு எடுத்து உருக்கி டெஸ்ட் பண்ணுங்க. 78 வந்தா ஒண்ணு 78-ன்னே எழுதுங்க, இல்லேன்னா உருக்கும்போதே 82-க்கு ஏத்தி, விலையில அந்த 2 டச்சைச் சேருங்க. 80-ன்னு எழுதி 78 கொடுக்கறது தப்புங்க, சேலம் கொலுசுன்னாலே சந்தேகப்படறதுக்கு இதுதான் காரணம். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. ஆனா 2025 செப்டம்பர் 1-ல இருந்து எச்.யு.ஐ.டி. எண்ணோட (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாத் தர்ற அடையாள எண்) போட்டுக்கலாம், 800 (அதாவது 80 டச்), 835, 925 எல்லாம் அதுல உண்டு. முகம் தெரியாத ஊருக்கு விக்கறவங்களுக்கு அந்த முத்திரை பெரிய பலம். மீனா (வண்ணப் பூச்சு வேலை), கல் வச்சதுக்கு மொத்த எடை, வெள்ளி எடை ரெண்டையும் போடுங்க. பழசைத் திருப்பி எடுத்தா எந்த டச் கணக்குல எடுப்பீங்கன்னும் பக்கத்துலயே எழுதுங்க.

பட்டறைக்_கணக்கு:
உரைகல் சொன்ன 2 டச், 60 கிராம்ல 1.2 கிராம் சுத்தம், என் கணக்குல 120 ரூபாய். வெள்ளி வரியிலயே காட்டிடுங்க.

பேக்கிங்ல ஒண்ணு: ரப்பர் பேண்ட் போடாதீங்க, அதுல இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். நியூஸ் பேப்பரும் வேண்டாம். காத்தை அமுக்கி எடுத்த ஜிப் கவர்ல தனித்தனிக் காலா வச்சு, அப்புறம் டப்பா. வெளி அட்டையில "வெள்ளி"ன்னு எழுதாதீங்க. நகை எடுக்காத கூரியர்கள் நிறைய. அதுக்காகக் கூரியர்கிட்டயே பொருளை மறைச்சு அனுப்பினா தொலைஞ்சாலும் இழப்பீடு கிடைக்காது. எடுக்கறவங்க யாருன்னு எழுத்துல வாங்கிட்டு இன்சூரன்ஸோட அனுப்புங்க. பெங்களூரு, கேரளான்னு வெளி மாநிலத்துக்கு அனுப்பறதா இருந்தா ஜிஎஸ்டி பதிவு இல்லாம ஆரம்பிக்க வேண்டாம், வருஷ விற்பனை 40 லட்சத்துக்குள்ள இருந்தா பதிவு வேண்டாம்ங்கற வரம்பு அங்க உதவாது. தராசுக்கு எடையளவுத் துறையோட இந்த வருஷ முத்திரை இருக்கான்னும் பார்த்துடுங்க, அந்த போட்டோ இனி எல்லாரும் பார்க்கப் போறாங்க.