லாரி ஷெட்டில் ஒட்ட ஒரு நோட்டீஸ்: உதவி தேவை

நண்பர்களே, குடித்துவிட்டும் மாத்திரை போட்டும் வண்டி ஓட்டுவது பற்றி டிரைவர்களுக்கு ஒரு நோட்டீஸ் தயாரிக்கிறோம். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டப்படி வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். உடம்பு அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். நள்ளிரவில் 150 இருந்தால் காலை ஆறு மணிக்கும் 60 இருக்கும். மோர், குளியல், கடுங்காப்பி எதுவும் இதை வேகப்படுத்தாது. ‘தூங்கி எழுந்தாச்சே’ என்று ஸ்டியரிங்கைப் பிடிப்பதுதான் ஆபத்து.

எங்களுக்குச் சிக்கலாக இருப்பது மாத்திரை. குளோர்பெனிரமின் (தூக்கம் வரவைக்கும் ஒரு மருந்து) கலந்த சளி மாத்திரை, குடியைக் கண்டுபிடிக்க ஊதும் கருவியில் காட்டாது. ஆனால் கண் திறந்திருக்கும்போதே பிரேக்குக்குக் கால் போகத் தாமதமாகும். இரவு போட்டது மறுநாளும் மந்தப்படுத்தும்.

மருந்துக்கடை அண்ணன்மார், அக்காமார்: நாமக்கல், சங்ககிரி பக்கம் டிரைவர்கள் டாக்டர் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் சளி, வலி மாத்திரைகளின் பெயரும் அட்டையின் பின்புறப் படமும் அனுப்புங்கள். தூக்கம் குறைவாகத் தரும் மாற்று எது என்றும் சொல்லுங்கள். அட்டையில் எழுத்து எறும்பு அளவில் இருக்கிறது, தெளிவாக எடுங்கள்.