தேசியச் சுற்றுப்போட்டிக்குப் பழகிய டெக்குடன் போவதா, புதிதாக ஒன்றைக் கட்டுவதா?

காலிவீதியன் (கேள்வி)

வணக்கம். மேஜிக் த கேதரிங் என்ற சீட்டு விளையாட்டின் தேசிய அளவிலான சுற்றுப்போட்டி அடுத்த மாதம் கொழும்பில் நடைபெறவிருப்பதாக அறிந்து என் பெயரையும் பதிந்துவிட்டேன். வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் வீட்டு மேல்மாடியில் சனிக்கிழமை மாலைகளில் கூடி விளையாடும் எங்கள் சிறு வட்டத்துக்கு வெளியே நான் போட்டி எதிலும் கலந்துகொண்டதில்லை என்பதால், அனுபவமுள்ளவர்களிடம் சில விடயங்களைக் கேட்டுத் தெளிவுபெற விரும்புகிறேன்.

போட்டி, அண்மைய தொகுதிகளின் அட்டைகளை மட்டும் அனுமதிக்கும் ஸ்டாண்டர்ட் வடிவத்தில் நடக்கும். என்னிடம் இருப்பது சிவப்பு நிறத்தை மட்டும் கொண்ட, வேகமாகத் தாக்கும் டெக் (ஆடுபவர் தானே தெரிவுசெய்து சேர்க்கும் சீட்டுக்கட்டு). 60 அட்டைகளில் 20 லாண்ட் (மற்ற அட்டைகளை இறக்கத் தேவையான மானா என்ற சக்தியைத் தரும் அட்டைகள்) வைத்திருக்கிறேன். இதன் ஒவ்வொரு அட்டையும் எனக்கு அத்துப்படி. ஆனால் எங்கள் வட்டத்தின் மூத்தவர் ஒருவர், “தேசிய மட்டத்தில் எல்லோரும் சிவப்பை எதிர்பார்த்தே வருவார்கள், நீலமும் கறுப்பும் கலந்த கன்ட்ரோல் டெக் ஒன்றைக் கட்டிக்கொண்டு போ” என்று விடாப்பிடியாகச் சொல்கிறார். அதற்கு வேண்டிய அரிய அட்டைகளில் பாதிகூட என்னிடம் இல்லை. இங்கே தனி அட்டைகளாக வாங்குவதென்றால் சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம் என்றால், பொதி எப்போது வந்து சேரும், சுங்கத்தில் எவ்வளவு கட்டவேண்டிவரும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. என் அட்டைகளில் ஒரு பகுதி, பாரிஸில் இருக்கும் சித்தப்பா இங்கே வரும்போதெல்லாம் கொண்டுவந்து தந்தவை. அவை பிரெஞ்சு மொழியில் அச்சானவை. அவற்றைப் போட்டியில் அனுமதிப்பார்களா? முதன்முறையாகப் போகிறவர் வேறு எவற்றைக் கவனிக்கவேண்டும் என்பதையும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

துரும்புக்காரன்

தம்பி, புதிய டெக் கட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பணத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் அதுதான் சரி. கன்ட்ரோல் டெக்கை எடுத்தவர், எதிராளி இறக்கும் அட்டைகளில் எதைத் தடுப்பது, எதை விட்டுவிடுவது என்று முறைக்கு முறை தீர்மானிக்கவேண்டும். அந்தத் தீர்மானத்துக்கு அவருடைய சொந்த டெக்கைத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, மண்டபத்தில் இருக்கக்கூடிய மற்ற டெக்குகள் எல்லாவற்றையும் தெரிந்திருக்கவேண்டும். ஒரு சுற்றுக்கு 50 நிமிடங்கள்தான். மூன்றில் இரண்டு ஆட்டங்களை அதற்குள் வெல்லவேண்டும். நேரம் முடிந்தால் மேலதிகமாக ஐந்து முறைகள் தருவார்கள், அதன் பிறகும் முடிவு இல்லையென்றால் சமநிலை. வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1. கைபழகாத கன்ட்ரோல் டெக்குடன் யோசித்து யோசித்து விளையாடி, தோற்காமலே பின்தங்கிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடைய சிவப்பு டெக் வென்றாலும் தோற்றாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடும். அடுத்த சுற்றுக்கு முன் ஒரு பிளேன்டீயாவது குடிக்கலாம்.

சிவப்பு டெக் என்றால் ஏழை டெக் என்ற எண்ணம் இந்த விளையாட்டில் பழையது. அதைப் பொய்யாக்கிய கதையும் பழையதுதான். 1996இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டியில், யாரும் மதிக்காத மலிவான சிறிய உயிரினங்களும் நெருப்பு மந்திரங்களுமாக நிறைந்திருந்த ஒரு டெக்கை எடுத்துக்கொண்டு பால் ஸ்லை என்பவர் இரண்டாம் இடம் வரை போனார். அதை வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். முதல் முறையில் ஒரு மானாவையும், இரண்டாவதில் இரண்டையும், மூன்றாவதில் மூன்றையும் வீணாக்காமல் செலவழிப்பதே அந்த டெக்கின் பலம். இன்றுவரை வேகமான டெக்குகள் எல்லாம் அந்தக் கணக்கின் மீதே கட்டப்படுகின்றன.

கணக்கு என்று சொன்னதால், உங்கள் 20 லாண்ட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 60 அட்டைகளில் 20 லாண்ட் இருந்தால், முதலில் எடுக்கும் ஏழு அட்டைகளில் ஒரு லாண்ட் மட்டும் வருவதற்கோ ஒன்றுமே வராமல் போவதற்கோ ஏறத்தாழ 25 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது நான்கு கைகளில் ஒன்று. 22 ஆக்கினால் அது 19 சதவீதமாகவும், 24 ஆக்கினால் 14 சதவீதமாகவும் குறைகிறது. வீட்டில் விளையாடும்போது கை சரியில்லை என்றால் சிரித்துவிட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடுவோம். நாள் முழுக்கச் சுற்றுச் சுற்றாக நடக்கும் போட்டியில் அந்த நான்கில் ஒன்று கட்டாயம் உங்களைத் தேடி வரும். உங்கள் மந்திரங்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு மானாவுக்குள் முடிந்துவிடுகின்றன என்றால் 24 தேவையில்லை, 22 போதும். மலிகன் எடுக்கவும், அதாவது சரியில்லாத கையைத் திருப்பி வைத்துவிட்டுப் புதிதாக எடுக்கவும், தயங்காதீர்கள். 2019இல் வந்த விதியின்படி மறுபடியும் ஏழு அட்டைகளை முழுமையாக எடுத்துப் பார்த்த பிறகே, மலிகன் ஒன்றுக்கு ஒரு அட்டை வீதம் டெக்கின் அடியில் வைக்கிறோம். வேகமான டெக்குக்கு ஆறு நல்ல அட்டைகள் தாராளமாகப் போதும்.

நீலக்கரை

துரும்புக்காரன் அண்ணா சொன்னவற்றில் லாண்ட் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்; பழக்கம் மட்டும் போதும் என்பதுபோல் எழுதியதைத்தான் ஏற்க முடியவில்லை. கேட்டவரின் வட்டத்து மூத்தவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எல்லோரும் சிவப்பை எதிர்பார்த்து வருவார்களாயின், அவர்கள் ஆட்டங்களுக்கு இடையில் டெக்குக்குள் மாற்றிக்கொள்ள ஒதுக்கி வைக்கும் சைட்போர்டின் 15 அட்டைகளில் கணிசமான பங்கு உங்களைக் குறிவைத்தே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் சைட்போர்ட் இல்லாமல் நடப்பது முதலாவது ஆட்டம் மட்டுமே; மற்றது ஒன்றோ இரண்டோ, சைட்போர்டோடுதான் நடக்கும். ஆகவே போட்டியின் பெரும்பகுதி அந்த 15 அட்டைகளின் மேல்தான் நிற்கிறது. சனிக்கிழமை வட்டங்களில் அநேகமாக எவரும் சைட்போர்டைத் தொடுவதேயில்லை, முதலாவது ஆட்டத்தையே திரும்பத் திரும்ப விளையாடுவார்கள் என்பதால், மேல்மாடியில் கிடைத்த அந்தப் பழக்கம் அரைப் பழக்கம்தான்.

டெக்கை மாற்றாதீர்கள், ஆனால் இனிமேல் பயிற்சி ஆட்டங்களைச் சைட்போர்ட் செய்த நிலையிலிருந்தே தொடங்குங்கள். உயிரினங்களைக் கூட்டமாக அழிக்கும் மந்திரங்களை எதிராளி உள்ளே கொண்டுவரும்போது, உங்கள் மிகச் சிறிய உயிரினங்களை வெளியே எடுத்துவிட்டு, தனியாக நின்று ஆட்டத்தை முடிக்கக்கூடிய கனமான அட்டைகளை உள்ளே விடுவது ஒரு வழி. எதிராளி உயிர்ப்புள்ளிகளைக் கூட்டிக்கொள்ளும் டெக் என்றால் அதைத் தடுக்கும் அட்டைகளையும் கைவசம் வைத்திருக்கவேண்டும். எந்த டெக்குக்கு எதிராக எதை எடுத்து எதை விடுவது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டங்களுக்கு இடையில் அதைச் சுருக்கமாகப் பார்க்க அனுமதி உண்டு.

இணையத்தில் காணும் பட்டியல்களை வைத்து இங்கே எவர் எதைக் கொண்டுவருவார் என்று முடிவுகட்டுவதும் சரிவராது. நம் ஊரில் பலர் தங்களிடம் இருக்கும் அட்டைகளுக்கு ஏற்பவே டெக்கைத் தெரிவுசெய்கிறார்கள். போட்டிக்கு முன் நகரில் விளையாட்டு நடக்கும் இடம் எதற்காவது ஒரு மாலை போய், விளையாடாவிட்டாலும், மேசைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தடைப் பட்டியலையும் கடைசி வாரத்தில் மறுபடி பார்க்கவேண்டும். 2025 ஜூன் 30இல் ஸ்டாண்டர்டில் ஒரே நாளில் ஏழு அட்டைகளைத் தடைசெய்தபோது, சிவப்பு டெக்குகளின் முதுகெலும்பாக இருந்த மான்ஸ்ட்ரஸ் ரேஜ், ஹார்ட்ஃபயர் ஹீரோ இரண்டும் அதில் போயின.

நடுவர் மேசை

உள்ளூர்ப் போட்டிகளில் நடுவராக இருந்து வருகிறேன். எந்த டெக் நல்லது என்ற வாதத்துக்குள் நான் வரவில்லை.

பிரெஞ்சு அட்டைகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அச்சிடப்பட்ட மொழி எதுவானாலும் அசல் அட்டையாக இருந்தால் போதும். ஒரே டெக்கில் இரண்டு மொழிகள் கலந்திருப்பதும் குற்றமில்லை. அட்டையின் அதிகாரபூர்வமான வாசகம் ஆங்கிலத்தில் தனியாகப் பேணப்படுகிறது. எதிராளிக்கு உங்கள் அட்டை விளங்கவில்லையென்றால் அந்த வாசகத்தை நடுவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நடுவரைக் கூப்பிட்டு நேரத்தை இழக்காமல் இருக்க, உங்கள் பிரெஞ்சு அட்டைகளின் ஆங்கில வாசகத்தை நீங்களே பிழையில்லாமல் சொல்லக்கூடிய அளவுக்குத் தெரிந்துவைத்திருங்கள். பணம் மிச்சம் பிடிக்கவேண்டும் என்றால் இன்னொன்றும் உதவும்: ஒரு அட்டை இப்போது அனுமதிக்கப்பட்ட தொகுதி ஒன்றில் இருக்குமானால், அதே அட்டையின் பழைய பதிப்பையும் ஸ்டாண்டர்டில் விளையாடலாம். வர்ணப் பிரதி எடுத்த அட்டைகளுக்கு மட்டும் எவ்விதத்திலும் இடமில்லை.

தேசிய மட்டத்தில் பொதுவாக டெக் பட்டியலை முன்கூட்டியே கொடுக்கவேண்டியிருக்கும். முதல்முறை வருபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்: 60க்குப் பதிலாக 59 அட்டைகளை எழுதுகிறார்கள், அல்லது அட்டையின் பெயரைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒரு அட்டையைக்கூட விளையாடாமலே ஒரு ஆட்டத்தை இழப்பதற்கு அது போதும். முதல்நாள் இரவு டெக்கை மேசையில் பரப்பி, ஒருவர் வாசிக்க மற்றவர் பட்டியலில் குறியிடும்படி சரிபாருங்கள்.

உயிர்ப்புள்ளிகளைத் தாளில் பேனையால் எழுதுங்கள். வீட்டில் தாயக்கட்டையை உருட்டிவைத்துக் கணக்குப் பார்ப்பது வசதிதான், ஆனால் கை பட்டுப் புரளக்கூடிய எதையும் இந்த மட்டத்தில் ஏற்பதில்லை. 20இலிருந்து எப்படி இறங்கிவந்தது என்று வரிசையாக எழுதியிருப்பவருடைய சொல்லுக்கே தகராறின்போது மதிப்பு இருக்கும்.

உங்கள் நண்பர்கள் பார்க்க வருவார்களாயின் அவர்களிடமும் ஒன்றைச் சொல்லிவையுங்கள். 304 சீட்டாடும் இடத்தில் பின்னால் நிற்பவர் “கொம்மாரிஸ் கேள்” என்று வாய் விடுவது நமக்குப் பழகிப்போன சங்கதி. இங்கே அப்படிப் பார்வையாளர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டாலே அந்தச் சுற்று முழுவதும் உங்களுக்குத் தோல்வியாகிவிடும்.

கடைசிச் சுற்று வரும்போது இன்னொரு சிக்கல் எழும். 33 முதல் 64 பேர் வரை வந்தால் வழக்கமாக ஸ்விஸ் முறையில் (தோற்றவர் வெளியேறாமல், ஒத்த புள்ளிகள் உள்ளவர்கள் மோதும் முறை) ஆறு சுற்றுகளும், அதன் பின் முதல் எட்டுப் பேருக்கு வெளியேற்றுச் சுற்றுகளும் நடக்கும். நான்கு வெற்றி, ஒரு சமநிலை என்று 13 புள்ளிகள் எடுத்தவர் பெரும்பாலும் எட்டுக்குள் வந்துவிடுவார். 12 எடுத்தவரின் தலைவிதி, அவர் சந்தித்த எதிராளிகள் எப்படி விளையாடினார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே கடைசிச் சுற்றில் இருவரும் பேசிச் சமநிலைக்கு ஒத்துக்கொள்வது உண்டு, அது விதிக்கு உட்பட்டதே. ஆனால் “எனக்கு விட்டுக்கொடுத்தால் பரிசில் பாதி தருகிறேன்” என்று விளையாட்டாகச் சொன்னால்கூட அந்தச் சுற்று பறிபோகும். குற்றம் என்று தெரிந்தே சொன்னதாக நடுவர் கருதினால் போட்டியிலிருந்தே நீக்கப்படுவீர்கள். நாணயத்தைச் சுண்டி முடிவெடுப்பதும் கூடாது.

காலிவீதியன்

மூவருக்கும் மிக்க நன்றி. டெக்கை மாற்றுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். லாண்ட்டை 22 ஆக்கிச் சைட்போர்டோடு விளையாடத் தொடங்கியிருக்கிறோம். மூத்தவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை, ஆனால் எதிரே கன்ட்ரோல் டெக்கை எடுத்து எனக்குப் பயிற்சி தர ஒத்துக்கொண்டிருக்கிறார்.

நடுவர் அவர்களிடம் கடைசியாக ஒன்று. சித்தப்பா தந்தவற்றில் நான்கு, முகப்பில் பளபளக்கும் படலம் உள்ள ஃபொயில் அட்டைகள். எங்கள் வீடு கடற்கரைப் பக்கம் என்பதாலோ என்னவோ, அவை முகப்புப் பக்கமாக வளைந்து கிண்ணம்போல் ஆகிவிட்டன. ஸ்லீவ் எனும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் பரவாயில்லையா?

நடுவர் மேசை

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. டெக்கை மேசையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அந்த நான்கு அட்டைகளும் இருக்கும் இடத்தில் மட்டும் இடைவெளி தெரிந்தால், எடுக்காமலே அவை எங்கே இருக்கின்றன என்று உங்களால் சொல்ல முடியும். அதற்குப் பெயர் அடையாளமிட்ட அட்டை. உங்களிடம் தீய நோக்கம் இல்லாவிட்டாலும், நான்கும் ஒரே அட்டையின் பிரதிகளாக இருந்தால் அதை ஓர் ஒழுங்காகக் கருதி ஆட்டத் தோல்வி கொடுக்க இடமிருக்கிறது.

அட்டையின் காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரிகிறது. முகப்பிலுள்ள ஃபொயில் படலம் விரிவதில்லை. அதனால்தான் முகப்புப் பக்கமாக வளைகிறது. மூடி இறுக்கமான பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சில நாட்கள் வைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும். தினமும் எடுத்துப் பாருங்கள், அளவுக்கு மீறி உலர்ந்தால் மறுபக்கமாக வளையும். நேரானதும், இறுக்கமான உள் ஸ்லீவ் ஒன்றைப் போட்டு அதன்மேல் வழக்கமான ஸ்லீவைப் போடுங்கள். இரட்டை ஸ்லீவ் போடுவதானால் நான்குக்கு மட்டுமல்ல, டெக்கிலும் சைட்போர்டிலும் உள்ள 75 அட்டைகளுக்கும் போடவேண்டும். அப்படிச் செய்தாலும், கடற்காற்றிலிருந்து குளிரூட்டிய மண்டபத்துக்குள் வந்து சில மணி நேரத்தில் அவை மறுபடி அசையத் தொடங்கலாம்.

அதே அட்டைகள் ஃபொயில் இல்லாத பதிப்பில் எவரிடமாவது இரவலாகக் கிடைத்தால் அதுவே மேல். போட்டிகளில் அட்டை இரவல் வாங்குவது மிகச் சாதாரணம். ஃபொயிலாக மட்டுமே அச்சான அட்டை என்றால், தலைமை நடுவர் அதற்குப் பதிலாக ஒரு மாற்று அட்டை எழுதித் தர விதியில் இடமுண்டு, ஆனால் அசல் அட்டையை நீங்கள் கையோடு வைத்திருக்கவேண்டும். எப்படியானாலும் முதல் சுற்று தொடங்குமுன் டெக்கை நடுவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதே நிறத்தில் ஒரு பொதி ஸ்லீவை மேலதிகமாகவும் எடுத்துச் செல்லுங்கள். நாலாம் ஐந்தாம் சுற்றுக்குள் ஒன்றிரண்டு கட்டாயம் கிழியும்.