ரியாக்ட்ஓஎஸ்: விண்டோஸை நகலெடுக்கும் உழைப்பு வீணா?

பழையவட்டு எழுதியது:
ரியாக்ட்ஓஎஸ் தெரியும்தானே? விண்டோஸ் நிரல்களும் டிரைவர்களும் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) அப்படியே ஓடும் ஒரு திறமூல இயங்குதளம், அதுதான் நோக்கம். 1996இல் ஃப்ரீவின்95 என்ற பெயரில் கிளம்பியது. பேச்சிலேயே காலம் போனதால், 1998இல் இலக்கை, எக்ஸ்பி, சர்வர் 2003 போன்றவற்றுக்கு அடித்தளமான விண்டோஸ் என்டி பக்கம் திருப்பி மறுபடி தொடங்கினார்கள். 2025 மார்ச்சில் வந்த 0.4.15 பதிப்பும் ஆல்பாதான், அதாவது முழுமையடையாத சோதனைப் பதிப்பு. அவர்கள் குறிவைக்கும் விண்டோஸ் சர்வர் 2003க்கு மைக்ரோசாஃப்ட் 2015இலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. அதில் உழைப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இத்தனை ஆண்டு உழைப்பும், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் திட்டத்துக்குப் போயிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

டிரைவர்காரன் எழுதியது:
வைன் கை கொடுக்காத இடத்தில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. எங்களிடம் ஒரு அளவீட்டுக் கருவி இருக்கிறது. அதோடு கணினிக்குள் செருகும் ஒரு பிசிஐ கார்டும், எக்ஸ்பியில் மட்டும் ஓடும் ஒரு டிரைவரும் வந்தன. செய்த நிறுவனம் கைவிட்டுவிட்டது, சோர்ஸும் (மூல நிரல்) தரவில்லை. கருவி இன்றும் துல்லியமாக அளக்கிறது, ஆனால் அந்தக் கணினி போனால் கருவியும் போச்சு. வைன் நிரல்களின் அழைப்பை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தரும். என் டிரைவர் பேசுவதோ என்டி கர்னலோடு, அதாவது விண்டோஸின் மையப் பகுதியோடு. அந்தக் கர்னலை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும்.

பழையவட்டு எழுதியது:
சரி, அந்த டிரைவர் ரியாக்ட்ஓஎஸ்ஸில் ஓடுகிறதா?

டிரைவர்காரன் எழுதியது:
ஏறுகிறது, அப்புறம் எல்லாம் நின்று நீலத்திரை. சீரியல் கேபிள் போட்டு இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். கர்னலின் உள் ஸ்ட்ரக்சர் (தரவு அமைப்பு) ஒன்றில், குறிப்பிட்ட ஒரு பைட்டில் என்ன இருக்கிறது என்று டிரைவர் நேரடியாகக் கை விட்டுப் பார்க்கிறது. எந்த ஆவணமும் அதற்கு அனுமதி தரவில்லை. எக்ஸ்பியில் அந்த இடத்தில் சரியான மதிப்பு இருந்ததால் எழுதியவருக்குத் தெரியாமலே வேலை செய்திருக்கிறது.

நிரலி எழுதியது:
சிக்கலின் வேரே அதுதான். யூனிக்ஸைப் பின்பற்றியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே சோர்ஸ் ஒத்துப்போனால் போதும், மறுபடி கம்பைல் செய்து (இயந்திர மொழிக்கு மாற்றி) கொள்ளலாம். போசிக்ஸ் என்று எழுதிவைத்த தரமும் இருந்தது. விண்டோஸில் ஓட வேண்டியது ஏற்கனவே கம்பைல் ஆன பைனரி, இயந்திர மொழிக் கோப்பு. அதனால் முரண்பாடுகளையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும். கோப்பைத் திறக்கும் CreateFile தோற்றால் -1 தருகிறது என்றால், மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பயன்படுத்த வைக்கும் பூட்டு) உருவாக்கும் அழைப்பு தோற்றால் 0 தருகிறது. "கணக்கு." என்று புள்ளியோடு பெயர் கொடுத்தால் சத்தமில்லாமல் புள்ளியை வெட்டிவிட்டு "கணக்கு" என்ற கோப்பைத் திறக்கிறது. இதையெல்லாம் அழகாகத் திருத்தி எழுதினால் பழைய நிரல் உடையும். விண்டோஸிலும் ரியாக்ட்ஓஎஸ்ஸிலும் ஒரே சோதனை நிரலை ஓட்டி, விடை வேறுபடும் இடங்களைத் தேடித்தேடிச் சரிசெய்கிறார்கள். பொறுமைக்காரர்களின் வேலை இது. அந்தச் சோதனைகளுக்காகவே இந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன்.

பழையவட்டு எழுதியது:
நீங்கள் சொல்வது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. இப்படி எத்தனை ஆயிரம் வேறுபாடுகள் இருக்கும்? பழைய டாஸ் இயங்குதளத்தை நகலெடுக்கும் ஃப்ரீடாஸ் 1994இல் தொடங்கி 2006இல் 1.0 தொட்டது. டாஸ் சின்னது, அதன் வளர்ச்சியும் நின்றுவிட்டிருந்தது. பீஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தைப் பின்பற்றும் ஹைக்கு 2001இல் தொடங்கியது, முதல் பீட்டாவே 2018இல்தான். கர்னலைத் தொடாத வைனுக்கே 1.0 வர 15 ஆண்டு ஆனது. என்டி முழுவதையும் ஒரு சின்ன தன்னார்வக் குழு எப்போது முடிக்கும்?

சட்டப்பார்வை எழுதியது:
நேரத்தைத் தின்பது நிரல் மட்டும் இல்லை. 2006 ஜனவரியில், விண்டோஸைப் பிரித்துப் பார்த்து எழுதிய நிரல் ரியாக்ட்ஓஎஸ்ஸில் இருப்பதாகக் குற்றச்சாட்டு வந்தது. திட்டத்துக்குள் இருந்த ஒருவரே எழுப்பியது. உடனே முழு சோர்ஸையும் தணிக்கைக்கு எடுத்தார்கள். அதன் பிறகு விதி இறுகியது: ஒருவர் பிரித்துப் பார்த்து, அது எப்படி நடந்துகொள்கிறது என்று மட்டும் எழுதித் தர வேண்டும். பைனரியைத் தொடாத இன்னொருவர் அதைப் படித்து நிரல் எழுத வேண்டும். ஒரு ஆள் வேலைக்கு இரண்டு ஆள். 2004இல் விண்டோஸ் 2000, என்டி 4 சோர்ஸின் பகுதிகளும், 2020இல் எக்ஸ்பி, சர்வர் 2003 சோர்ஸும் கசிந்தன. ஆர்வத்தில் அதைத் திறந்து பார்த்தவர் அந்தப் பகுதியில் இனி கை வைக்கக் கூடாது. ஏற்கனவே ஆள் பற்றாக்குறை, அதில் இது வேறு.

நிரலி எழுதியது:
ஜாவாவின் பகுதிகளை நகலெடுத்ததற்காக ஆரக்கிள் கூகுள் மேல் போட்ட வழக்கில் 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூகுள் பக்கம்தானே நின்றது?

சட்டப்பார்வை எழுதியது:
அது ஜாவா ஏபிஐயின் (நிரல்கள் அழைக்கும் செயல்பாடுகளின் தொகுப்பு) அறிவிப்பு வரிகளைப் பற்றியது, ஏறக்குறைய 11,500 வரிகள். கூகுள் அவற்றைப் பயன்படுத்திய விதம் நியாயமான பயன்பாடு என்றார்கள். உள்ளே ஓடும் நிரலை எடுத்தெழுதலாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பை நம்பி கசிந்த சோர்ஸைத் திறந்துவிடாதீர்கள்.

டிரைவர்காரன் எழுதியது:
@பழையவட்டு, முழு என்டி எப்போது முடியும் என்பது என் கேள்வியே இல்லை. எனக்கு வேண்டியது ஒரு கார்டு, ஒரு டிரைவர். இலக்கு நின்றுவிட்டது என்கிறீர்களே, அதுதான் எனக்கு வசதி. சர்வர் 2003 இனி மாறப்போவதில்லை. இன்று சரிசெய்த பைட் நாளையும் சரியாகவே இருக்கும்.

பழையவட்டு எழுதியது:
டிரைவர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், வைன் உங்களுக்கு உதவாது. அன்றாடக் கணினிக்கு இதை நம்பச் சொல்பவர்களோடுதான் இன்னும் என் சண்டை. இருக்கட்டும், அந்தப் பைட் பற்றி பிழைப் பதிவு போட்டீர்களா? எக்ஸ்பியில் எடுத்த லாக் (நிகழ்வுப் பதிவு) இல்லாமல் போட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

டிரைவர்காரன் எழுதியது:
ரியாக்ட்ஓஎஸ் பக்கத்து லாக் மட்டும்தான் கையில் இருக்கிறது. எக்ஸ்பி லாக்கை நாளை எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்துப் போடுகிறேன்.