எவரெஸ்ட் அடிவார முகாம் போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். வரும் அக்டோபரில் நானும் என் அக்காவும் நேபாளம் போகிறோம். எவரெஸ்ட் அடிவார முகாம், வழிகாட்டியுடன் 12 நாள் நடை. அக்காவுக்கு 52 வயது. நன்றாக நடப்பார், ஆனால் இருவருமே இவ்வளவு உயரம் ஏறியதில்லை.

என் கவலை குளிரைவிட உயரம்தான். நடை தொடங்கும் லுக்லா 2,860 மீட்டர், வழியில் வரும் நாம்சே 3,440, அடிவார முகாம் 5,364. அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். எங்களுக்குத் தந்திருக்கும் திட்டத்தில் நாம்சேயில் மட்டும் ஒரு நாள் ஓய்வு. டிங்போச்சேயில் (4,410) இல்லை. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்று படித்தேன். கூடுதலாக ஒரு நாள் கேட்டால் கொடுப்பார்களா? பணம் கூடினாலும் பரவாயில்லை.

அப்புறம், அக்காவுக்கு சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது. அதனால், உயரத்தால் வரும் நோயைத் தடுக்க எடுக்கும், சல்ஃபா வகையோடு தொடர்புள்ள டயமாக்ஸ் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்கப் போகிறோம். அந்த மாத்திரை இல்லாமலே ஏறியவர்கள் இருக்கிறீர்களா? எந்த இடத்தில் தலைவலி தொடங்கியது, எப்படிச் சமாளித்தீர்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒருவருக்கு முடியாமல் போனால் வழிகாட்டி என்ன செய்வார்? முகாமுக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக்‌ஷெப்பில் அக்கா திரும்ப நேர்ந்தால் நானும் உடனே இறங்கிவிடுவேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சரியான நேரத்தில் "போதும், இறங்கலாம்" என்று சொல்லும் வழிகாட்டிதானா என்பதைக் கிளம்பும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

சுமைதூக்குபவருக்கு எத்தனை கிலோ வரை கொடுப்பது நியாயம் என்றும் சொல்லுங்கள். அவர் முதுகு வலிக்க நாங்கள் நடக்க விரும்பவில்லை.