ஹை சீட் முகடு: சதுப்பும் மேகமும், எப்படிச் சமாளிப்பது?

நனைந்தகால்:
அக்டோபர் கடைசியில் இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில் ஒரு நாள் நடை. ஆஷ்னஸ் பாலத்தில் தொடங்கி வால்லா கிராக், பிளேபெரி ஃபெல் (590 மீ), ஹை சீட் (608 மீ), ஹை டோவ் (515 மீ) வழியாக வாட்டெண்ட்லத்தில் இறங்கி, கீழ்வழியில் பாலத்துக்கே திரும்புவதாகத் திட்டம். உயரம் பெரிசில்லை, ஆனா முகடு முழுக்கச் சொதசொதன்னு இருக்கும்னு சொல்றாங்க. கோர்டெக்ஸ் (தண்ணி புகாத சவ்வு வெச்ச) பூட்ஸ் போதுமா? எங்கே கால் வைக்கலாம்னு பார்த்தே தெரியுமா? மேலே மேகம் இறங்கிட்டா வழி பிடிக்கிறது எப்படி? ஓஎஸ் ஓஎல்4 மேப் (அந்தப் பகுதியோட நடைவரைபடம்), காம்பஸ், போன் மூணும் இருக்கு.

வேலியோரம்:
முதல்ல திசையைத் திருப்புங்க. அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். உங்க திட்டப்படி போனா முகடு நெடுக மழை முகத்துல. வாட்டெண்ட்லத்துல தொடங்கி வடக்கே நடந்தா அது முதுகுப் பக்கம் போயிடும். சேறும் தெம்பு இருக்கும்போதே முடிஞ்சிடும். களைச்ச பிறகு வர்றது வால்லா கிராக் பக்கத்துப் புல்தரைதான்.

ஹை டோவ்லேர்ந்து ஹை சீட் சுமார் 1.5 கி.மீ., ஏற்றம் 100 மீ சொச்சம். நெய்ஸ்மித்ங்கிற நடைநேரக் கணக்குல (மணிக்கு 5 கி.மீ., 100 மீ ஏற்றத்துக்குக் கூடுதலா 10 நிமிஷம்) 28 நிமிஷம் வரும். சதுப்புல அந்தக் கணக்கு எடுபடாது, 45–50 வெச்சுக்குங்க. அந்த மாசக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால வைப்பாங்க. அதுக்கப்புறம் 5 மணிக்கு முன்னாடியே சூரியன் இறங்கிடும், தலைவிளக்கு கட்டாயம்.

கால் வைக்க இடம் பார்க்கிறதுக்கு நிறம்தான் துப்பு. பளிச்சுனு பச்சையாவோ செவப்பாவோ மெத்து மெத்துனு தெரியறது ஸ்பாக்னம் பாசி. அடியில தண்ணிதான், மிதிக்காதீங்க. காட்டன் கிராஸ் இருந்தா ஆழமான ஈரப் பீட் (மக்கின செடியாலான கருமண்). இதோட வெள்ளைப் பஞ்சு கோடையிலதான் நல்லாத் தெரியும். அக்டோபர்ல செம்பழுப்பு இலையை வெச்சுக் கண்டுபிடிக்கணும். கோரை மாதிரி குத்துக்குத்தா நிக்கிற ரஷ் ஈரம்தான், ஆனா வேர்க்கட்டு மேல மிதிச்சா தாங்கும். ஹெதர் புதர், பிராக்கன் பெரணி இருக்கிற இடம் வடிகால் உள்ள தரை. சந்தேகம்னா கோலை ஊன்றிப் பாருங்க. கோல் நுனியில மாட்டற சேத்துக்கான அகல வட்டைக் கழட்டிடாதீங்க, அது இல்லேன்னா கோலே புதைஞ்சிடும்.

பீட்தண்ணி:
பூட்ஸ் விஷயத்துக்கு வருவோம். கால் நனைவது கோர்டெக்ஸ் கசிவதால் அல்ல. கணுக்காலுக்கு மேல் சேறு ஏறினால் தண்ணீர் பூட்ஸின் வாய் வழியாக உள்ளே போகும். பிறகு அதே சவ்வு அதை வெளியே விடாது. முழங்கால்வரை கெய்ட்டர் (பூட்ஸின் வாயை மூடும் துணியுறை) கட்டி, அதன் அடிவார் உள்ளங்கால் வளைவில் இறுக்கமாக நிற்கிறதா பாருங்கள். பூட்ஸ் நாடா தளர்ந்திருந்தால் சேறு பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் வெளியே வரும்.

வலைத்துணி ஷூவும் கம்பளி சாக்ஸும் போதும் என்று ஒரு கட்சி உண்டு. தண்ணீர் வடிந்துவிடும் என்பது உண்மை, கோடையில் நானும் அந்தக் கட்சிதான். அக்டோபரில் பத்து நிமிடம் நின்றாலே விரல் மரத்துவிடும். 4 டிகிரியில் 50 கி.மீ. வேகக் காற்று, உடம்புக்கு மைனஸ் 3 போலத் தெரியும்.

நடந்து முடிந்ததும் பூட்ஸைக் கழுவிவிடுங்கள். பீட் அமிலத்தன்மை உள்ளது, தோலை வறளவைத்து வெடிக்கச் செய்யும். ஹீட்டர் மேல் காய வைக்காதீர்கள்.

நனைந்தகால்:
திசை மாற்றிட்டேன், நன்றி. மேகத்துல?

வேலியோரம்:
ஹை டோவ்லேர்ந்து ஹை சீட் வரைக்கும் முகட்டோட வேலி ஓடுது. சேத்தைச் சுத்திப் போனாலும் அது கண்ணுக்குத் தெரியற தூரத்துல இருங்க. ஹை சீட் உச்சியில டிரிக் தூண் (நில அளவைக் கல்தூண்) இருக்கு. பிசகு அதுக்கப்புறம்தான். பிளேபெரி ஃபெல் அங்கேயிருந்து ஏறக்குறைய நேர் வடக்கு, 1.5 கி.மீ., நடுவுல மோசமான சதுப்பு. ஒவ்வொரு குட்டையையும் ஒரே பக்கமா விலகிப்போனா கொஞ்சம் கொஞ்சமாத் தடம் நழுவிடும். ஒரு தடவை இடம் விலகினா அடுத்தது வலம். காம்பஸ்ல 40–50 மீ தள்ளித் தெரியற கல்லையோ புல்குத்தையோ குறிவெச்சு, அதைத் தொட்டுட்டு அடுத்தது. சமதரையில 100 மீட்டருக்கு 65 இரட்டையடி (ரெண்டு எட்டு ஒரு கணக்கு)ன்னா இங்கே 80 ஆகும்; உங்க அடியை முன்னாடியே அளந்து வெச்சுக்குங்க.

ஹை சீட்லயே நிலைமை சரியில்லேன்னு பட்டா, அங்கேயிருந்து வடமேற்கே ஆஷ்னஸ் பாலத்துக்கு இறங்கற பாதை இருக்கு. மனம்போன போக்குல சரிவுல இறங்காதீங்க, பாறைமுகம் இருக்கு.

பீட்தண்ணி:
போனை நம்பி இருக்காதீர்கள். மழைத்துளி பட்ட திரை விரலுக்குக் கட்டுப்படாது. உள்சட்டைப் பையில் கதகதப்பாக வைத்தால் பேட்டரியாவது நிற்கும். உதவி வேண்டுமென்றால் 999 அடித்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். கிரிட் எண்ணை (மேப்பில் நீங்கள் நிற்கும் இடத்தின் எண்) கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சிக்னல் இல்லையென்றால் ஒரு நிமிடத்துக்குள் 6 விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி 6. குறுஞ்செய்தி போகவேண்டுமானால் "register" என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பி, கிளம்பும் முன்பே பதிந்திருக்க வேண்டும்.