மெயில் ஹெட்டரை எங்கே பார்ப்பது? தம்பிக்கு வந்த குவைத் வேலை மெயில் உண்மையா?

கருங்கல் அக்கா (சனி, இரவு 8.50)

வணக்கம். கொஞ்சம் அவசரம். என் தம்பி நர்சிங் முடித்து நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறான். குவைத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருப்பதாக அவனுக்கு மெயில் வந்திருக்கிறது. லெட்டர்ஹெட், சீல், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. விசா செலவுக்கு 48,500 ரூபாயைச் செவ்வாய்க்கிழமைக்குள் கட்ட வேண்டுமாம். திங்கள் காலை வங்கி திறந்ததும் அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியை வைக்க அப்பா முடிவு செய்துவிட்டார்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார்கள். அதனால் இப்படி ஒரு மெயில் வந்தால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, சந்தோஷம்தான் வருகிறது. எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மெயில் ஹெட்டரைப் பார்த்தால் உண்மையில் எங்கிருந்து வந்தது என்று தெரியும் என்று வேலை பார்க்கும் இடத்தில் சொன்னார்கள். தம்பி அந்த மெயிலை எனக்கு அனுப்பியிருக்கிறான். போனில் ஜிமெயிலைத் திறந்து எல்லா இடத்திலும் தட்டிப் பார்த்துவிட்டேன். ஹெட்டர் என்று ஒன்றுமே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மாணவன் (சனி, இரவு 9.05)

அக்கா, போன் ஆப்பில் அது கிடையாது. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து அந்த மெயிலுக்குள் போங்கள். வலது பக்கம் மேலே, பதில் அனுப்பும் அம்புக்குறிக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி இருக்கும். அதை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' என்று வரும். புது டேபில் திறக்கும். மேலே சின்ன அட்டவணை, அதன் கீழே நீளமாக எழுத்துகள். அந்த நீள எழுத்துகளின் மேல்பகுதிதான் ஹெட்டர்.

யாஹூவில் 'வியூ ரா மெசேஜ்'. தண்டர்பேர்ட் என்றால் கன்ட்ரோல் யூ. அவுட்லுக்கைக் கம்ப்யூட்டரில் நிறுவி வைத்திருப்பவர்கள் மெயிலைத் தனி ஜன்னலில் திறந்து ஃபைல், அப்புறம் பிராப்பர்ட்டீஸ்.

கருங்கல் அக்கா (சனி, இரவு 9.40)

வந்துவிட்டது, நன்றி தம்பி. பக்கத்து வீட்டு லேப்டாப்பில் பார்க்கிறேன். மேலே அட்டவணையில் எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் பாஸ் என்று மூன்றும் பாஸ். ஆனால் சப்ஜெக்ட் வரி ஒன்றும் புரியவில்லை. 'யூடிஎஃப்-8', கேள்விக்குறி, 'பி', கேள்விக்குறி, அப்புறம் '4கே6எஃப் 4கே6வி' என்று போய்க்கொண்டே இருக்கிறது. இது வைரஸா?

தோவாளை (சனி, இரவு 9.48)

மூன்றும் பாஸ் என்றால் ஒரிஜினல் மெயில்தான். பயப்படாமல் பணம் கட்டலாம்.

குளச்சல் சர்வர் (சனி, இரவு 10.10)

பணம் கட்ட வேண்டாம். தயவு செய்து இதை முழுசாகப் படித்துவிட்டு முடிவு எடுங்கள். பதினைந்து வருடமாக மெயில் சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன்.

முதலில் அந்த சப்ஜெக்ட். அது வைரஸ் இல்லை, தமிழ். மெயிலின் ஹெட்டர் பழைய காலத்து ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளை மட்டும் சுமக்கும்படி 1982இல் விதி எழுதினார்கள். அதனால் தமிழை வேறு வேஷம் போட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட் (கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகு). அந்த மூன்று பைட் நான்கு ஆங்கிலக் குறிகளாக மாறும். 'அ' என்றால் 4கே6எஃப். 'க' என்றால் 4கே6வி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் சப்ஜெக்ட் 'அக...' என்று தொடங்குகிறது. 'அக்கா' என்று நினைக்கிறேன்.

இப்போது யோசியுங்கள். குவைத் மருத்துவமனை உங்கள் தம்பிக்கு 'அக்கா' என்று சப்ஜெக்ட் போடுமா? நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது அவர்கள் அனுப்பிய மெயிலின் ஹெட்டரே இல்லை. தம்பி உங்களுக்கு ஃபார்வர்ட் செய்த மெயிலின் ஹெட்டர். ஃபார்வர்ட் செய்தால் உள்ளே இருக்கும் செய்தி மட்டும்தான் போகும். பழைய ஹெட்டர் கழன்றுவிடும், தம்பியின் பெயரில் புது ஹெட்டர் ஏறும். அந்த மூன்று பாஸும் தம்பியின் ஜிமெயிலுக்குக் கிடைத்த பாஸ். டிகிம் வரியில் 'டி=' என்று இருக்கும் இடத்தைப் பாருங்கள், மெயிலுக்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று காட்டும் இடம் அது, ஜிமெயில்.காம் என்றுதான் இருக்கும்.

தம்பியின் கணக்கிலேயே கம்ப்யூட்டரில் நுழைந்து பாருங்கள். இல்லையென்றால் அவனை இன்பாக்ஸில் அந்த மெயிலின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃபார்வர்ட் ஆஸ் அட்டாச்மென்ட்' கொடுக்கச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் ஹெட்டரோடு முழு மெயிலும் ஒரு ஃபைலாக வரும்.

கருங்கல் அக்கா (சனி, இரவு 11.25)

அண்ணா, நீங்கள் சொன்னது சரி. 'அக்கா இத பாரு' என்றுதான் சப்ஜெக்ட் போட்டிருக்கிறான். 'டி=' இடத்தில் ஜிமெயில்.காம்தான்.

இப்போது தம்பி நைட் டியூட்டிக்கு நடுவில் அட்டாச்மென்ட்டாக அனுப்பிவிட்டான். மருத்துவமனையின் பெயரை இங்கே போட மனமில்லை, அவர்கள் மேல் தப்பு இல்லாமலும் இருக்கலாம். அதனால் 'ஆஸ்பத்திரி' என்று மாற்றித் தமிழிலேயே எழுதுகிறேன். யாரும் தெரியாமல் லிங்க்கைத் தட்டிவிடவும் கூடாது.

ரிட்டர்ன்-பாத்: ஹெச்ஆர் அட் ஆஸ்பத்திரி-கரியர்ஸ்.காம்
ரிசீவ்ட்: (மூன்று வரி. மேல் வரியில் 'பை எம்எக்ஸ்.கூகுள்.காம்')
எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் பாஸ்
டிகிம் 'டி=': ஆஸ்பத்திரி-கரியர்ஸ்.காம்
டேட்: வியாழன் 23:12:40 +0530
ஃப்ரம்: ஆஸ்பத்திரி ஹெச்ஆர் துறை, ஹெச்ஆர் அட் ஆஸ்பத்திரி-கரியர்ஸ்.காம்
ரிப்ளை-டூ: ஏதோ ஒரு ஜிமெயில் முகவரி

இதிலும் மூன்றும் பாஸ்தான் அண்ணா. அப்படியானால்?

குளச்சல் சர்வர் (ஞாயிறு, அதிகாலை 12.15)

அக்கா, இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பொறுமையாகப் பாருங்கள்.

ஹெட்டரைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். களியக்காவிளை வழியாகப் போகும் சரக்கு லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செக்போஸ்டும் தன் சீட்டைப் பழைய சீட்டின் மேல் ஒட்டி அனுப்புகிறது என்று வையுங்கள். கடைசி செக்போஸ்ட்டின் சீட்டு எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். 'ரிசீவ்ட்' வரிகள் அப்படித்தான் ஏறும். புறப்பட்ட இடத்திலேயே பொய்யாக நான்கு சீட்டு எழுதி ஒட்டிக்கொண்டும் லாரி கிளம்பலாம் இல்லையா? அதனால் அடியில் இருப்பதை அப்படியே நம்பக் கூடாது. நம்முடைய மெயில் சேவை தன் கையால் எழுதிய மேல் வரியை நம்பலாம். உங்களுக்கு அது எம்எக்ஸ்.கூகுள்.காம் எழுதிய வரி. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் முடிவுகளும் கூகுள் எழுதியவைதான், அவற்றையும் நம்பலாம்.

ஆனால் அந்த முடிவு எதைச் சொல்கிறது? இந்த டொமைன் (முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் வரும் பெயர்) பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது எஸ்பிஎஃப். அந்த டொமைன் கையெழுத்துப் போட்டது வழியில் மாறாமல் வந்ததா என்று பார்ப்பது டிகிம். இவை இரண்டில் ஒன்றாவது 'ஃப்ரம்' வரியில் நம் கண்ணுக்குத் தெரியும் டொமைனோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது டிமார்க். மூன்றும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான்: இது ஆஸ்பத்திரி-கரியர்ஸ்.காம் என்ற இடத்திலிருந்து உண்மையாகவே வந்த மெயில். அந்த இடத்தை நடத்துபவர் யார், நல்லவரா என்று அவை சொல்லவே சொல்லாது. டொமைனை யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, மூன்றையும் ஒழுங்காக அமைத்து, பாஸ் வாங்கலாம். 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்கு ஜிமெயில் இந்த மூன்றையும் கட்டாயமாக்கியிருப்பதால் மோசடிக்காரர்களும் ஒழுங்காக அமைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

அதனால் பார்க்க வேண்டியது அந்தப் பெயர். மருத்துவமனையின் சொந்த இணையதளம் எது? ஆஸ்பத்திரி.காம்தானே? நடுவில் கோடு போட்டு 'கரியர்ஸ்' சேர்த்தது வேறு டொமைன். பக்கத்துக் கடைக்காரர் அதே போர்டு எழுதி வைத்த மாதிரி. டொமைன் பதிவு விவரம் காட்டும் ஹூஇஸ் தேடலில் அந்தப் பெயரைப் போட்டு எப்போது பதிவானது என்று பாருங்கள்.

அப்புறம் ரிப்ளை-டூ. நீங்கள் பதில் எழுதினால் போய்ச் சேரும் இடம் அது. அவ்வளவு பெரிய மருத்துவமனை சொந்த டொமைன் வைத்துக்கொண்டு பதிலை மட்டும் ஏன் இலவச ஜிமெயிலுக்குக் கேட்கிறது?

நேரத்தையும் பாருங்கள். +0530 நம் ஊர் நேரம். குவைத் +0300. அங்கே அப்போது இரவு 8:42. இதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல மாட்டேன், கம்ப்யூட்டரில் நேரத்தை எப்படியும் வைக்கலாம். மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது கணக்கில் வரும்.

தோவாளை (ஞாயிறு, காலை 6.30)

அக்கா, நேற்று நான் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். பாஸ் என்றால் நல்ல மெயில் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மார்த்தாண்டம் மாணவன் (ஞாயிறு, காலை 7.10)

ஹெட்டரில் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் கம்ப்யூட்டருக்கு இருக்கும் எண், இருக்குமே, அதை வைத்து ஆளையே பிடிக்க முடியாதா அண்ணா?

குளச்சல் சர்வர் (ஞாயிறு, காலை 7.45)

நாம் பிடிக்க முடியாது தம்பி. ஜிமெயில் மாதிரி சேவையில் பிரவுசரிலிருந்து அனுப்பினால், அனுப்புகிறவரின் வீட்டு ஐபி ஹெட்டரில் வராது, சேவையின் சர்வர் ஐபிதான் வரும். அந்த ஐபியை மேப்பில் போட்டு அமெரிக்கா என்று வந்தால் ஆள் அமெரிக்காவில் இருக்கிறார் என்று அர்த்தம் இல்லை. எந்த நேரத்தில் யார் உள்ளே நுழைந்தார்கள் என்ற பதிவு அந்த நிறுவனத்திடம்தான் இருக்கும். போலீஸ் முறைப்படி கேட்டால் கொடுப்பார்கள்.

அதனால் அக்கா, மெயிலை அழிக்கவே கூடாது. ஷோ ஒரிஜினல் பக்கத்தில் 'டவுன்லோட் ஒரிஜினல்' இருக்கிறது, அதை அழுத்திச் சேமியுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் செய்யலாம். யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும், தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

இன்னொன்று. குவைத்தில் ஞாயிறு வேலை நாள். மருத்துவமனையின் சொந்தத் தளத்தில் இருக்கும் நம்பருக்கு இன்றே பேசலாம். மெயிலில் இருக்கும் நம்பருக்குப் பேச வேண்டாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. நர்ஸ்களுக்குத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஆள் எடுத்து அனுப்புகிறது, 1978இலிருந்து இருக்கும் நிறுவனம். தம்பியை அங்கே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கருங்கல் அக்கா (ஞாயிறு, மாலை 5.20)

எல்லோருக்கும் நன்றி. டொமைன் பதிவாகி 19 நாள்தான் ஆகிறது. மதியம் மருத்துவமனைக்குப் பேசினோம். மூன்றாவது முயற்சியில் மலையாளம் பேசும் ஒரு சேச்சி எடுத்தார். தங்கள் மெயில் இல்லை, யாரிடமும் விசாவுக்குப் பணம் கேட்பதில்லை என்று சொன்னார். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஸ்பீக்கரில் கேட்க வைத்தேன். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ச் சங்கிலியை அம்மாவிடம் கொடுத்தார். தம்பிக்குத்தான் முகமே இல்லை. பாவம், கூட வேலை பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டான்.

புகார் செய்துவிட்டோம். அவனுடைய நண்பர்கள் இரண்டு பேருக்கும் அதே மெயில் வந்திருக்கிறது, அவர்களுக்கும் ஃபைலைச் சேமிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டான்.

இப்போது பழைய மெயில்களை எல்லாம் திறந்து ஹெட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு சந்தேகம் கேட்கச் சொல்கிறான். படித்த கல்லூரியிலிருந்து வரும் மெயில், பழைய மாணவர் கணக்கு வழியாகத் தானாக ஃபார்வர்ட் ஆகி இவனுக்கு வருகிறது. அதில் எஸ்பிஎஃப் ஃபெயில், டிகிம் பாஸ். அதுவும் போலியா?

குளச்சல் சர்வர் (ஞாயிறு, மாலை 6.05)

'டி=' இடத்தில் கல்லூரியின் சொந்த டொமைன் இருந்தால் பிரச்சினை இல்லை. நடுவில் இருக்கும் சர்வர் வாங்கித் திருப்பி அனுப்பும்போது, கல்லூரி அனுமதித்த பட்டியலில் அந்த சர்வர் இருக்காது, அதனால் எஸ்பிஎஃப் விழும். கையெழுத்து மெயிலோடு கூடவே வருவதால் டிகிம் தப்பிக்கும். தம்பி சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறான். மெயிலில் ஏதாவது பணம் கேட்டிருந்தால் மட்டும் கல்லூரி ஆபீசுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.